கின்னஸின் நடை

தகரத்தால் அடித்த ஒரு சின்னப் பெட்டி. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. காட்டு வெயிலில் அது கொதிக்கிறது. அதற்குள் பல நாள் அடைத்து வைத்திருந்த ஆங்கிலேயக் கர்னலை வெளியே விடுகிறார்கள். எதிரே ஜப்பானியத் தளபதியின் குடில். நடுவில் வெறும் மண்தரை. அவர் நடக்கத் தொடங்குகிறார். முழங்கால்கள் மடங்கப் பார்க்கின்றன. இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொல் கேட்கவில்லை. ஆனால் தோள்கள் மட்டும் அணிவகுப்பில் நிற்பவனின் தோள்கள். ஒரு கால் இழுபட, மறு கால் தடுமாற, தன் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஒரே நினைப்பில் அந்த உடம்பு அந்த மண்தரையைக் கடக்கிறது. வசனம் கிடையாது. முகத்தில் பெரிதாக எதுவும் ஓடவும் இல்லை.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தில் கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ் நடந்த அந்த நடையை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் தொண்டை அடைக்கிறது. திரையில் ஒரு மனிதன் நடப்பதை இதைவிட நன்றாக யாரும் நடித்துக் காட்டியதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

அந்த நடை எங்கிருந்து வந்தது என்று பின்னால் படித்தபோது இன்னும் நெகிழ்ந்துபோனேன். கின்னஸின் ஒரே மகனுக்குச் சிறு வயதில் போலியோ வந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்து கிடந்த பையன் மெல்லத் தேறி மறுபடி நடக்கப் பழகினான். அப்போது அவன் கால் எடுத்து வைத்த விதத்தைத் தகப்பன் மறக்கவில்லை. அதைத்தான் நிக்கல்சனுக்குக் கொடுத்தார். தன் தொழிலில் தான் செய்த மிகச் சிறந்த வேலை அந்தச் சில நிமிட நடைதான் என்று அவரே கருதினார்.

எனக்கு அலெக் கின்னஸ் என்றால் உயிர். நல்ல நடிகர்கள் இங்கிலாந்தில் எத்தனையோ பேர். லாரன்ஸ் ஒலிவியே மேடையில் ஏறினால் மேடையே சிறுத்துப்போகும் என்பார்கள். ஜான் கில்குட் பேசினால் குரலுக்காகவே கூட்டம் கூடும். கின்னஸிடம் அப்படி எதுவும் இல்லை. கூட்டத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத முகம். சராசரி உயரம். இளம் வயதிலேயே முன்தலையில் முடி கொட்டிவிட்டது. அந்த வெற்று முகத்தை வைத்துக்கொண்டு அறுபது வருடம் என்னென்ன செய்திருக்கிறார்! யாராக நடிக்கிறாரோ அவர் எப்படி நடப்பார் என்பது பிடிபடும்வரை அந்தப் பாத்திரம் தனக்குள் வராது என்று நம்பியவர் அவர். வசனமெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருடைய எந்தப் படத்தையும் ஒலியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கால்களே கதை சொல்லிவிடும்.

1914 ஏப்ரல் 2ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தாய் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கான இடம் காலி. கின்னஸ் என்ற பெயர் தனக்கு யாரால் வந்தது என்பது கடைசிவரை அவருக்கு உறுதியாகத் தெரியாமலே போயிற்று. வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் வளர்ந்த பையன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் நாடகக் கொட்டகை. நடிப்புக் கற்றுக்கொள்ள யாரிடம் போகலாம் என்று முன்பின் பழக்கமே இல்லாத கில்குட்டிடமே கேட்டார் என்றால் அந்த வெறியைப் பாருங்கள். கில்குட் அனுப்பிவைத்தது மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகையிடம். அவரோ ஒன்றிரண்டு பாடத்திலேயே உனக்கு நடிப்பு வராது என்று சொல்லிவிட்டார். பையன் விடவில்லை. ஃபே காம்ப்டன் நடத்திய பள்ளியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். 1934இல் கில்குட் தன் ஹாம்லெட் நாடகத்தில் ஆஸ்ரிக் வேடம் கொடுத்தார். கடைசி அங்கத்தில் தொப்பியை வைத்துக்கொண்டு குழையும் அரசவைக்காரன். சின்ன வேடம்தான், கதவு திறந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அதற்கு ஐந்து வருடம் கழித்து நடந்தது. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைக் கின்னஸே நாடகமாக்கி 1939இல் மேடையேற்றினார். மிஸ் ஹாவிஷாமாக நடித்தது யார் தெரியுமா? அதே மார்ட்டிட்டா ஹன்ட். அந்த நாடகத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் டேவிட் லீன் என்ற படத்தொகுப்பாளர். அவர் இயக்குநரானபின், போர் முடிந்து 1946இல் அதே கதையைப் படமாக எடுத்தபோது கின்னஸையும் ஹன்ட்டையும் அதே வேடங்களுக்கு அழைத்துக்கொண்டார். நடுவில் கின்னஸ் கடற்படையில் இருந்தார். 1943இல் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது தரையிறங்கு படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பிற்பாடு அவர் ராணுவ அதிகாரியாக நடிக்கும்போதெல்லாம் அந்த உடுப்பு உடம்போடு ஒட்டிக் கிடப்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

சிரிக்க வைத்த கின்னஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லண்டனில் ஈலிங் என்ற பகுதியில் இருந்த ஸ்டுடியோவில் போருக்குப் பிந்தைய வருடங்களில் சின்னச் சின்னச் செலவில் தங்கமான நகைச்சுவைப் படங்கள் எடுத்தார்கள். 1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' அவற்றில் உச்சம். ஒரு பிரபுக் குடும்பம். பட்டத்துக்கு ஆசைப்பட்ட ஏழை உறவுக்காரன் வாரிசுகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். சாகிற உறவுக்காரர்கள் எல்லோரும் கின்னஸ்! முதலில் அவருக்கு நான்கு வேடம்தான் பேசினார்கள். எட்டையும் எனக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். கோமகன், வங்கி முதலாளி, பாதிரியார், தளபதி, கடற்படைத் தலைவர், இரண்டு இளைஞர்கள், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு பலூனில் ஏறித் துண்டறிக்கை வீசும் லேடி அகதா.

இன்று எட்டு வேடம் பெரிய விஷயமில்லை என்று சிலர் சொல்லலாம். தயவுசெய்து அந்தப் பாதிரியாரைப் பாருங்கள். வயது முதிர்ந்த மனிதர்; பேச்சு பாதியில் நின்று மறுபடி எங்கிருந்தோ கிளம்புகிறது; தன் தேவாலயத்தின் கட்டடக்கலையைச் சொல்லிச் சொல்லி எதிராளியைச் சாகடிக்கிறார். அவரை அடுத்து வங்கி முதலாளியைப் பாருங்கள். ஒருவருக்கு இருக்கும் கழுத்து இன்னொருவருக்கு இல்லை. மூச்சு விடுகிற இடம் வேறு. கதாநாயகனாக நடித்த டென்னிஸ் பிரைஸ் பட்டுப்போன்ற குரலில் கதை சொல்லிக்கொண்டே போக, அவருக்கு எதிரே கின்னஸ் மறுபடி மறுபடி பிறந்து மறுபடி மறுபடி சாகிறார். தேவாலயக் காட்சி ஒன்றில் ஆறு கின்னஸ்கள் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். கணினி கிடையாது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாமல் பூட்டி, லென்ஸின் பகுதிகளை மறைத்து, ஒவ்வொரு வேடத்துக்கும் பிலிமைத் திரும்பச் சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் எடுத்தார். யாராவது கேமராவை இடித்துவிடுவார்களோ என்று இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாராம்.

1951இல் வந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' எனக்கு இன்னும் நெருக்கம். இருபது வருடம் தங்கக்கட்டிகளுக்குக் காவலாக வேனில் போய்வந்த வங்கிக் குமாஸ்தா ஹாலண்ட். நாக்கில் ரகரம் சரியாக வராது. மேலதிகாரிக்கு அவர் நேர்மையானவர், சாமர்த்தியம் போதாதவர். அந்த ஆள்தான் தங்கத்தைக் கடத்தி, உருக்கி, ஈஃபிள் கோபுரப் பொம்மைகளாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்பத் திட்டம் போடுகிறார். பள்ளிக்கூடச் சிறுமிகள் ஆறு பொம்மைகளைத் தெரியாமல் வாங்கிக்கொண்டு போய்விட, அவர்களைப் பிடிக்க ஹாலண்டும் கூட்டாளியும் நிஜ ஈஃபிள் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் தலைதெறிக்க இறங்குகிறார்கள். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து, பயம் சிரிப்பாக மாறி, இரண்டு நடுவயது ஆண்கள் குழந்தைகளைப் போலக் கெக்கலித்துக்கொண்டே இறங்கும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே! வாழ்நாளெல்லாம் அடங்கி இருந்த மனிதன் முதல்முறை அவிழ்ந்து விடுகிறான். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அப்படிப் பொங்கும். இந்தப் படத்துக்குத்தான் அவர் பெயர் முதன்முதலாக ஆஸ்கர் பட்டியலில் ஏறியது. அதே வருடம் 'தி மேன் இன் தி ஒயிட் சூட்', 1955இல் பொய்ப்பல் மாட்டிக்கொண்டு வந்த 'தி லேடிகில்லர்ஸ்'. இரண்டையும் அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக் இயக்கினார். விட்டுவிடாதீர்கள்.

க்வாய் படத்துக்கு மறுபடி வருகிறேன். அந்த வேடத்தைக் கின்னஸ் எடுத்த எடுப்பில் ஏற்கவில்லை, மறுத்தார். ஏற்றபிறகும் இயக்குநர் டேவிட் லீனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நிக்கல்சனிடம் கொஞ்சம் நகைச்சுவையும் ஈரமும் வேண்டும் என்றார் கின்னஸ். அலுப்பூட்டும் மனிதராக இருக்க வேண்டும் என்றார் லீன். படத்தில் பார்த்தால் இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள். நிக்கல்சன் முட்டாள்தான், ஆனால் அந்த முட்டாள்தனத்துக்காக நாம் அழுகிறோம். எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுத்துவிட்டு அதன் மேல் நின்று பொழுது சாய்வதைப் பார்த்தபடி தன் ராணுவ வாழ்க்கையை எண்ணிப் பார்க்கும் காட்சியில் லீன் கேமராவை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கின்னஸுக்கு மகா கோபம். ஆனால் அந்த முதுகு நடிக்கிறது, ஐயா! பேச்சின் முடிவில் கையிலிருந்த பிரம்பு நழுவி ஆற்றில் விழும். அந்த ஒரு கணத்தில் மனிதர் எவ்வளவு தனியானவர் என்று விளங்கிவிடும். 1957ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் ஆஸ்கர் இந்தப் படத்துக்காகத்தான் கிடைத்தது. படம் மொத்தம் ஏழு ஆஸ்கர்களை அள்ளியது.

படம் எடுத்தது தாய்லாந்தில் இல்லை, இலங்கையில். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்குப் போகும் சாலையில் கித்துல்கல என்ற ஊர். அங்கே இறங்கி ஆற்றுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். களனி கங்கை பாறைகளுக்கு நடுவே புரண்டு வருகிறது. இரண்டு கரையிலும் மலை பச்சைப் பசேலென்று சரிகிறது. பாலத்தைத் தாங்கிய கான்கிரீட் அடித்தளங்கள் மட்டும் கரையோரம் மிச்சம். ரப்பர் படகுகளில் ஆட்கள் கூச்சல் போட்டுக்கொண்டு நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கான்கிரீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். 1957 மார்ச்சில் இங்கேதான் நிஜப் பாலத்தை நிஜ ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்க பார்க்க வந்திருந்தார். முதல் நாள் ஒரு கேமராக்காரர் நேரத்துக்கு விலகி வர முடியாததால் வெடிக்கவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் அந்தப் பக்கம் ஜெனரேட்டரில் மோதியது. சரிசெய்து மறுநாள் காலையில் தகர்த்தார்கள். வெடிக்கும் விசையின் மேல் நிக்கல்சன் சாய்ந்து விழுவதற்கு முன் தான் செய்து வைத்த காரியம் என்ன என்பது அவர் முகத்தில் உதிக்கும் பாருங்கள், அந்தக் காட்சி எடுத்த இடத்தில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு ஒப்பாது. 1942, 43ஆம் வருடங்களில் ஜப்பானியர்கள் போட்ட, இந்தப் படக் கதைக்கு அடிப்படையான நிஜ சயாம் ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம். போர்க்கைதிகளைவிட அதிகமாக அதில் வேலை வாங்கப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளிகள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. படத்தில் அவர்களுக்கு இடமில்லை. கின்னஸை நான் கொண்டாடுவது இதனால் குறையவில்லை. ஆனாலும் படம் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன், நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்கர் வாங்கியவுடன் ஆட்கள் அதே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். கின்னஸ் என்ன செய்தார்? 'தி ஹார்சஸ் மவுத்' நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதி, அழுக்குச் சட்டையும் கரகரத்த தொண்டையுமாக ஓர் ஓவியக் கிறுக்கனாக நடித்தார். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வேறு. 1959இல் சர் பட்டம். 1960இல் வந்தது 'ட்யூன்ஸ் ஆஃப் க்ளோரி'.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். ஸ்காட்லாந்தில் பனி மூடிய ஒரு படைமுகாம். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்த ஜாக் சின்க்ளேர் தற்காலிகத் தளபதி. செம்பட்டை முடி, சிவந்த முகம், விஸ்கி, பாட்டு, கூத்து. அவருக்கு மேல் படித்த குடும்பத்துக் கர்னல் பாரோ வந்து சேர்கிறார். அது ஜான் மில்ஸ். பாரோ ஜப்பானியச் சிறைமுகாமில் சித்திரவதைப்பட்டு உள்ளுக்குள் நொறுங்கியவர். யோசித்துப் பாருங்கள். மூன்று வருடம் முன்னால் ஜப்பானியச் சிறைமுகாமில் அடைபட்ட கர்னலாக உலகமே கைதட்டிய நடிகர், இப்போது அப்படிப்பட்ட ஒருவரைக் குத்திக் குத்தி அழிக்கிற முரடனாக வருகிறார்! நிக்கல்சனின் விறைத்த முதுகு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். சின்க்ளேர் அறைக்குள் வரும்போது முதலில் வயிறு வருகிறது, பிறகு சிரிப்பு, பிறகுதான் மனிதர். அவர் நாற்காலியில் உட்காருவதே எதிராளியின் இடத்தைப் பிடுங்கிக்கொள்வதுபோல இருக்கும்.

கடைசிக் காட்சி. பாரோ தற்கொலை செய்துகொண்டபிறகு சின்க்ளேர் அதிகாரிகளைக் கூட்டி வைத்து, இறந்தவருக்கு எப்படிப்பட்ட மரியாதை செய்யப்போகிறேன் என்று சொல்கிறார். எந்தத் தெரு வழியாக ஊர்வலம், எந்த இடத்தில் எந்த இசை, எங்கே மௌனம். சொல்லச் சொல்ல அந்த பேக்பைப்பும் முரசும் அவர் காதில் ஒலிக்கத் தொடங்குகின்றன, நமக்கும் கேட்கிறது. திட்டம் போடும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு குரலாகிறது. அதிகாரிகள் ஒவ்வொருவராகச் சங்கடத்தோடு எழுந்து போகிறார்கள். அவர் கவனிக்கவில்லை. முடிவில் உடைகிறார். அந்த அழுகையில் அழகு பார்க்கவே இல்லை கின்னஸ், முகம் கோணிப்போகிறது. அவருடைய திரை வாழ்க்கையில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். ஆஸ்கர் இதற்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மேடையில் அவரைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1953 ஜூலை 13ஆம் தேதி கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் ஷேக்ஸ்பியர் விழா தொடங்கியபோது, மூன்றாம் ரிச்சர்டாக வந்து அந்த மேடையின் முதல் வசனத்தைப் பேசியவர் கின்னஸ். அந்த விழா இன்றும் வருடாவருடம் நடக்கிறது. 1951இல் லண்டனில் தானே இயக்கி நடித்த ஹாம்லெட் தோற்றது. முதல் நாள் விளக்குகள் தாறுமாறாகி எல்லாம் கெட்டது. அவர் அதை மறைக்கவில்லை. 1960இல் 'ராஸ்' நாடகத்தில் அரேபிய லாரன்ஸாக நடித்தார்; இரண்டு வருடம் கழித்து லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் அதே லாரன்ஸுக்கு எதிரே இளவரசர் ஃபைசல். கவிஞர் டிலன் தாமஸாக நடித்ததற்கு 1964இல் பிராட்வேயில் டோனி விருது. 1971இல் 'எ வாயேஜ் ரவுண்ட் மை ஃபாதர்' நாடகத்தில் கண் தெரியாத தகப்பன். அதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்கும் வருகிறேன். 1977இல் ஓபி-வான் கெனோபியாக வந்து உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாத்தாவானார். லாபத்தில் சிறு பங்கு பேசிக்கொண்டதால் வாழ்நாளுக்குப் போதுமான பணமும் வந்தது. அந்த வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை, அந்தப் புகழும் பிடிக்கவில்லை. ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. என் அப்பா எப்படி இறந்தார் என்று கதாநாயகன் லூக் கேட்கிறான். கெனோபி பதில் சொல்வதற்கு முன் பார்வை ஒரு நொடி விலகுகிறது. வில்லன் டார்த் வேடர்தான் அவன் அப்பா என்ற கதைத் திருப்பம் அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்த படத்தில் அந்தத் திருப்பம் வந்தபோது, பழைய படத்தில் அந்த ஒரு நொடி அதற்காகவே காத்திருந்ததுபோலப் பொருந்திக்கொண்டது. தயங்குகிற மனிதனை அவ்வளவு உண்மையாக நடித்தால் எழுதாத கதைக்கும் அது இடம் கொடுக்கும்.

இனி ஸ்மைலி. 1979இல் பிபிசி ஏழு பாகங்களாக ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. 1982இல் ஆறு பாகங்களாக 'ஸ்மைலிஸ் பீப்பிள்'. ஜான் லெ காரேயின் ஜார்ஜ் ஸ்மைலி உளவுத்துறையிலிருந்து ஓரங்கட்டப்பட்டவர், மனைவி துரோகம் செய்தவள், தடித்த கண்ணாடி. நாவலில் குள்ளமான, தடித்த மனிதர். நான் அவ்வளவு குண்டில்லையே என்று கின்னஸ் லெ காரேக்குக் கடிதம் எழுதித் தயங்கினார். நிஜ ஒற்றர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு ஒரு மதிய உணவுக்கு லெ காரே ஏற்பாடு செய்தார். சாப்பாடு முடிந்து ஓல்ட்ஃபீல்டு எழுந்து போனதும் கின்னஸும் தெருவுக்குப் போய்விட்டார். எதற்கு? அவர் நடந்து போவதைப் பார்க்க! கிளாஸின் விளிம்பை அவர் விரலால் தடவியதைக்கூட விடாமல் கவனித்து, அது என்ன பழக்கம் என்று லெ காரேயைத் துளைத்திருக்கிறார். ஒளிபரப்பு முடிந்தபிறகு, ஸ்மைலி தன் கையைவிட்டுப் போய் கின்னஸுடையவராகிவிட்டார் என்று படைத்தவரே ஒத்துக்கொண்டார். ஓர் எழுத்தாளர் நடிகருக்குக் கொடுக்கக்கூடிய பட்டம் இதற்குமேல் என்ன இருக்கிறது?

இந்தத் தொடர்களில் கின்னஸ் செய்வது ஒரே ஒரு காரியம்: கேட்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுகிறார், நாம் ஸ்மைலியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கழற்றிய அந்தச் சில நொடி முகம் துணியில்லாததுபோல ஆகிவிடும். மறுபடி மாட்டியதும் கதவு சாத்திக்கொள்ளும். 'ஸ்மைலிஸ் பீப்பிள்' தொடரில் சோவியத் தூதரக அதிகாரி கிரிகோரியேவை மடக்கும் காட்சியைப் பாருங்கள். அவராக வருவது மைக்கேல் லான்ஸ்டேல். ஸ்மைலி மிரட்டவில்லை, குரல் உயரவில்லை. எதிரே காகிதங்களை வைத்துக்கொண்டு, தாசில்தார் ஆபீசில் மனு வாங்கும் அலுத்துப்போன குமாஸ்தாவைப்போல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார். அந்த அலுப்புதான் எதிராளியை உருக்கி எடுக்கிறது.

ஸ்மைலியின் எதிரியான சோவியத் உளவாளி கார்லாவாக வரும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு தொடரிலும் ஒரு வார்த்தைகூட வசனம் இல்லை. கடைசியில் பெர்லின் எல்லையில் கார்லா பாலம் தாண்டி வருகிறான். இருபது வருடப் பகை முடிகிறது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று கூட இருப்பவர் சொல்கிறார். ஸ்மைலி ஒத்துக்கொள்கிறார், ஒத்துக்கொள்ளவே விருப்பமில்லாத குரலில். வெற்றியில் இவ்வளவு துக்கத்தை வேறு யார் காட்டியிருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து யாருமில்லை.

எல்லாவற்றையும் நான் கண்மூடிக் கொண்டாடவில்லை. 1948இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் அவர் யூதத் திருடன் ஃபேகினாக மாறியது ஒப்பனையின் அற்புதம் என்பார்கள். லீன் முதலில் ஒத்துக்கொள்ளாமல், வேடம் போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்த பிறகே கொடுத்த பாத்திரம். ஆனால் யூதப் படுகொலை முடிந்து மூன்றே வருடத்தில் அந்த வளைந்த பெரிய மூக்கு யூதர்களைப் புண்படுத்தியது. அமெரிக்காவில் 1951 வரை படத்தை வெளியிட முடியவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. 1984இல் லீனின் 'எ பேசேஜ் டு இந்தியா'வில் முகத்தில் நிறம் பூசிக்கொண்டு பேராசிரியர் காட்போலேயாக வந்ததும் எனக்கு ஒட்டவில்லை. அதே படத்தில் விக்டர் பானர்ஜியைப் போன்றவர்கள் இருக்கும்போது அந்த வேடம் ஓர் இந்திய நடிகருக்குப் போயிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய மலையில் இந்த இரண்டு பள்ளங்களையும் சொல்லிவிடுவதுதான் ரசிகனுக்கு மரியாதை.

1980இல் வாழ்நாள் சாதனைக்கான கௌரவ ஆஸ்கர். 1988இல் 'லிட்டில் டாரிட்' படத்துக்காகக் கடைசி ஆஸ்கர் பரிந்துரை. கடன்காரர் சிறையில் இருந்துகொண்டே கனவானாகப் பாவனை செய்யும் கிழவர் வேடம். கடைசி மேடை நாடகமும் அந்த வருடம்தான். ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்தில் மனைவி மெரூலாவோடு அமைதியாக வாழ்ந்தார். 1938இல் கட்டிய அந்தத் தாம்பத்தியம் 62 வருடம் நீடித்தது. 2000 ஆகஸ்ட் 5ஆம் தேதி, 86ஆவது வயதில் காலமானார்.

இதுவரை அவரைப் பார்க்காதவர்கள் முதலில் 'தி லாவெண்டர் ஹில் மாப்' பாருங்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம். பிறகு க்வாய், அதற்கு அடுத்த நாளே 'ட்யூன்ஸ் ஆஃப் க்ளோரி'. ஸ்மைலி தொடர்களை மட்டும் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். ஓர் இரவுக்கு ஒரு பாகம், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.